குழந்தைகளின் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை: சுகாதார அமைச்சுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், பலதுறை மருந்தகங்களிலும் தனியார் மருந்தகங்களிலும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

மருத்துவ ஆய்வுக்கூடத்தில், குறிப்பாக நோயெதிர்ப்புப் பரிசோதனைப் பிரிவில், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆனால் மருத்துவர் எழுதும் பரிசோதனைச் சீட்டுக்கும் அவர் கைக்குத் திரும்பி வரும் எண்ணுக்கும் இடையே என்னென்ன நடக்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தவன். சீலியாக் நோய் உள்ளதா என்று குழந்தைகளுக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளில் பிசகுகள் பெரும்பாலும் கருவிக்குள் நேர்வதில்லை. குழாயில் இரத்தம் விழுவதற்கு முன்பும், எண் அச்சாகி வெளியே போன பின்புமே நேர்கின்றன. அவ்விரண்டு இடங்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு பக்கக் குறிப்பை, நம் ஊர்ச் சூழலுக்கென்றே எழுதி, குழந்தைகளைப் பார்க்கும் ஒவ்வொரு மருந்தகத்துக்கும் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பதே என் கோரிக்கை. அக்குறிப்பில் எவை இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

சீலியாக் நோய் ஒவ்வாமை அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு, மரபணு வழியாக அதற்கு இடங்கொடுக்கும் உடல், தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும் நோய் அது. உணவிலிருந்து சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1950 இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்த காலத்திலிருந்தே, இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வரும் நோய் என்ற எண்ணம் நம் பகுதியில் படிந்துவிட்டது. அந்த எண்ணத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. கிழக்காசிய, தென்கிழக்காசிய மக்களிடையே இந்நோய்க்கு இடங்கொடுக்கும் எச்எல்ஏ-டிகியூ2 மரபணு வகை ஐரோப்பியரிடம் இருக்கும் அளவுக்கு இல்லை. நம் முதன்மை உணவும் சோறு.

ஆனால் சிங்கப்பூர் ஒரே இனத்தவர் வாழும் ஊர் அன்று. இந்தியாவின் மூன்று வட்டாரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து 2016 இல் வெளியான ஆய்வொன்று, வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கும், வடகிழக்கே 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் (நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதங்கள்) இரத்தத்தில் இருப்பதாகக் காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது, நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகைகள் தெற்கேயும் வடக்கேயும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன என்பது. பெரிதும் வேறுபட்டது தட்டில் இருந்த கோதுமையின் அளவு. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆய்வு சொல்வது, நம் பிள்ளைகளுக்கு மரபணுப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதுதான். நம் பாட்டிமார் வாரத்துக்கு ஒருமுறை கோதுமையைப் பார்த்திருக்கலாம். இன்று தேக்காவைச் சுற்றி வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை காலையில் ரொட்டியும் மைலோவும், இடைவேளையில் பிஸ்கட்டும், பள்ளி உணவகத்தில் மீயும், இரவில் சப்பாத்தியோ பரோட்டாவோ உண்கிறது. பஞ்சாபிலிருந்தும் தில்லியிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள், ஐரோப்பியக் குடும்பங்கள், கலப்புத் திருமணக் குடும்பங்கள் எல்லாம் அதே பலதுறை மருந்தகத்தின் வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றன. நோய் இங்கே அரிது என்பது உண்மையாக இருக்கலாம். இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் சரியில்லை.

அறிகுறிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனினும் ஆய்வுக்கூடத்துக்கு வரும் சீட்டுகளில் காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு என்றே எழுதியிருக்கும். மலச்சிக்கல், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஏறாத இரத்தச்சோகை, வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டையாக நிற்பது, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், பல்லின் மேற்பூச்சுக் குறை, தள்ளிப்போகும் பருவமடைதல், காரணம் தெரியாமல் உயர்ந்திருக்கும் கல்லீரல் நொதிகள் ஆகியவற்றை எழுதி அனுப்பிய சீட்டுகள் மிகக் குறைவு. இரத்தச்சோகையைப் பொறுத்தவரை நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருக்குமோ என்று பார்ப்பது இங்கே இயல்பு, அது சரியும்கூட. அது இல்லை என்று தெளிந்த பின், இரும்பும் ஏற மறுக்கும்போது, அடுத்த கேள்வியாகச் சீலியாக் வர வேண்டும். முதல் வகை நீரிழிவு, டவுன் நோய்க்குறி, டர்னர் நோய்க்குறி, தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஆகியவை உள்ள பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்க்கோ சீலியாக் உள்ள பிள்ளைகளுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை தேவைப்படலாம்.

இனி, எந்தப் பரிசோதனை என்பது. 1997 இல் ஜெர்மனியில் டெட்லெஃப் ஷுப்பானின் குழுவினர் இந்நோயாளிகளின் உடல் எந்தப் பொருளுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்று கண்டறிந்தார்கள். அது குடலில் இயல்பாகவே இருக்கும் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி. அதற்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை அளப்பதுதான் இன்று உலகம் முழுவதும் முதற்படியான பரிசோதனை. ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக டிடிஜி-ஐஜிஏ என்போம். அதற்கு முன்பு வழக்கில் இருந்த பழைய கிளையடின் (குளூட்டனின் ஒரு பகுதி) எதிர்ப்பொருள் பரிசோதனையை இந்நோய்க்கு இனி எழுதக் கூடாது. பல பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்கும் பட்டியல்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சலே வருகிறது. ஒரு குழந்தைக்கு நான்கைந்து எதிர்ப்பொருள்களை ஒரே நேரத்தில் அளந்தால் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டிக் காட்டும் வாய்ப்புக் கூடுகிறதே ஒழிய, உண்மை கூடுவதில்லை.

டிடிஜி-ஐஜிஏவுடன் கட்டாயமாகச் சேர வேண்டிய பரிசோதனை ஒன்றே ஒன்று. அது மொத்த ஐஜிஏ அளவு. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ சுரப்பது மிகக் குறைவு. சீலியாக் உள்ளவர்களிடையே அக்குறைபாடு பொது மக்களிடையே இருப்பதைவிட அதிகம். ஐஜிஏவே இல்லாத உடலில் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத் தேடினால் இல்லை என்றுதான் வரும். அந்த விடையைக் கையில் வாங்கிய பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். பிள்ளையின் குடல் தேய்வது தொடரும். 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மொத்த ஐஜிஏ லிட்டருக்கு 0.2 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, வயதுக்குரிய அளவைவிடக் குறைந்திருந்தாலோ, ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகளுக்கு மாற வேண்டும். மொத்த ஐஜிஏவை அளக்கக் கூடுதலாக ஊசி குத்த வேண்டியதில்லை. அதே மஞ்சள் மூடிக் குழாயில் மிஞ்சும் சீரமே (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) போதும். ஆகவே மருத்துவர் ஒன்றை மட்டும் எழுதியிருந்தாலும் மற்றதை ஆய்வுக்கூடமே சேர்த்துச் செய்துவிடும்படி அமைச்சு ஏற்பாடு செய்யலாம். இரண்டையும் எப்போதும் இணைத்தே செய்வது என்ற ஒரு விதியை வகுப்பதற்குக் குழுக்கூட்டம்கூடத் தேவைப்படாது.

இரத்தம் எடுப்பதற்கு முன்பு நேரும் பிசகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் மிகுதியாகக் காண்பது அதுவே. டிடிஜி எதிர்ப்பொருள் குளூட்டனை உண்ணும் உடலில்தான் உருவாகும். கோதுமையை நிறுத்திவிட்டால் அது மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் இயல்பு எல்லைக்குள் வந்துவிடும். எனவே பரிசோதனை முடியும்வரை பிள்ளை வழக்கம்போல் கோதுமை உண்ண வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், நாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவை உண்டிருக்க வேண்டும் என்கிறது. இங்கே நடப்பதோ நேர்மாறு. முதலில் கோதுமையை நிறுத்திப் பாருங்கள், சரியானால் பிறகு பரிசோதிக்கலாம் என்பது மருந்தகத்திலும் சொல்லப்படுகிறது, உறவினர் வாயிலும் வருகிறது, கைப்பேசியிலும் வலம் வருகிறது.

என் அக்கா மகளின் பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான். பாலர் பள்ளியில் படிக்கும்போது வயிறு உப்பிக்கொண்டே இருந்தது; இரும்புச்சத்தும் குறைவு. ஒரு மருந்தகத்தில் கோதுமையைச் சில காலம் தவிர்த்துப் பார்க்கும்படி சொன்னார்கள். வயிறு அடங்கியது, பிள்ளை கலகலப்பானாள். பல மாதம் கழித்து வேறோர் இடத்தில் டிடிஜி-ஐஜிஏ எடுத்தபோது இயல்பு என்று வந்தது. நோய் இல்லை என்று அறிக்கையைப் படித்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையை என் அக்கா மகள் என்னிடம் காட்டி, “மாமா, இல்லேன்னு வந்துடுச்சே, அப்போ பரோட்டா குடுக்கலாமா?” என்று கேட்டாள். அறிக்கையில் எண் சரி, வரம்பு சரி, கையொப்பம் சரி. பிள்ளை அப்போது என்ன உண்டுகொண்டிருந்தாள் என்ற ஒன்றைத் தவிர எல்லாம் அதில் இருந்தன. அந்த எண்ணை வைத்து நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கோதுமையை விட்டதும் வயிறு அடங்கியதும் சான்றாகாது. கோதுமையில் ஃபிரக்டான் என்னும் மாவுப்பொருளும் உள்ளது, சீலியாக் இல்லாத பலருக்கும் அது வயிற்றை உப்பச் செய்யும்.

அப்படிப்பட்ட நிலையில் மீண்டும் பல வாரம் கோதுமை கொடுத்துப் பரிசோதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்து, நோய்க்கு இடங்கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 ஆகிய வகைகள் இரண்டும் இல்லை என்றால் நோயை ஏறத்தாழ ஒதுக்கிவிடலாம். இருந்தால் அதனால் எதுவும் முடிவாவதில்லை, ஏனெனில் அவ்வகைகளை உடையவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்நோய் வருவதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு டிகியூ8 இருப்பது தெரியவந்தது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் வயதினருக்கும் கோதுமையை மீண்டும் கொடுத்துச் சோதிப்பதைத் தவிர்க்கும்படி ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லியிருப்பதால், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நிபுணர் சொல்லிவிட்டார். கோதுமையை நிறுத்துவதற்கு முந்தைய நாள் ஒரு குழாய் இரத்தம் எடுத்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. ஆகவே நான் கேட்கும் குறிப்பின் முதல் வரி, முதலில் இரத்தம், பிறகே உணவு மாற்றம் என்பதாக இருக்கட்டும். பெற்றோருக்கான துண்டுத்தாளில் அதே வரி நான்கு மொழிகளிலும் வர வேண்டும். பரிசோதனைச் சீட்டில், பிள்ளை இப்போது கோதுமை உண்கிறதா என்ற கேள்விக்கு ஒரு கட்டம் வேண்டும்.

அடுத்து, எண்ணைப் படிக்கும் முறை. டிடிஜி-ஐஜிஏவை அளக்கும் கருவித் தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அலகும் வரம்பும் வேறு. ஒன்றில் 10 என்பது மேல்வரம்பு, இன்னொன்றில் 20. ஆதலால் ஓர் ஆய்வுக்கூடத்தில் வந்த 60ஐயும் மற்றோர் ஆய்வுக்கூடத்தில் வந்த 60ஐயும் ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று பேசுவதில் பொருளே இல்லை. மேல்வரம்பைப் போல் எத்தனை மடங்கு என்பதே ஒப்பிடத்தக்க அளவு. 10 மடங்கை எட்டுகிறதா, எட்டவில்லையா என்பதுதான் இன்று குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய்க் கருவியை விட்டுக் குடலைப் பார்த்துத் திசு எடுப்பது) தேவையா என்பதையே தீர்மானிக்கும் கோடாகிவிட்டது. ஐரோப்பியச் சிறார் இரைப்பைக் குடலியல் சங்கம் 2012 இல் முதன்முறையாக, குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் குடல் திசு எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்றது. 2020 இல் அதைத் திருத்தி, டிடிஜி-ஐஜிஏ மேல்வரம்பைப் போல் 10 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்து, வேறொரு நாளில் எடுத்த இரண்டாவது இரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருள் என்னும் மற்றோர் எதிர்ப்பொருளும் காணப்பட்டால் போதும், மரபணுப் பரிசோதனையும் வெளிப்படையான அறிகுறிகளும் கட்டாயமில்லை என்றது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியும் 2023 இல் குழந்தைகளுக்கு இவ்வழியை ஏற்றது.

அந்த 10 மடங்கு என்ற கோட்டை ஆய்வுக்கூட மேசையில் நின்று பார்ப்பவனுக்கு ஓர் உறுத்தல் உண்டு. சிறு கிண்ணங்கள் கொண்ட தட்டில் செய்யும் தட்டுமுறைப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ள கிண்ணத்தில் மஞ்சள் நிறம் அடர்ந்து வரும். ஓர் அளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் 8 மடங்குக்கும் 12 மடங்குக்கும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடியும் அளந்தால்தான் தெரியும். ஆகவே அளவுக்கோட்டின் நம்பத்தக்க பகுதிக்குள் 10 மடங்கு அடங்குகிறதா என்று ஆய்வுக்கூடம் உறுதிசெய்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஐரோப்பியச் சங்கமே விதித்திருக்கிறது. மருத்துவர்கள் மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் உதிர்ந்துபோவதும் இதுதான். வரம்பைத் தாண்டியது என்று மட்டும் அச்சிட்டு அனுப்பும் அறிக்கை, ஒரு குழந்தை மயக்கமருந்து வாங்கி எண்டோஸ்கோப்பிக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவுக்கு உதவாது. மடங்குக் கணக்கை அறிக்கையிலேயே அச்சிடுவதை அமைச்சு ஆய்வுக்கூடங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

இரண்டாவது மாதிரி என்ற நிபந்தனைக்கும் இதே போன்ற காரணம் உண்டு. குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாறிப்போவது எந்த ஊரிலும், எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடத்திலும் எப்போதாவது நடக்கக்கூடியது. வாழ்நாள் முழுவதும் ஒரு பிள்ளையைப் பின்தொடரப்போகும் முடிவை ஒரே குழாயின் மேல் ஏற்றக் கூடாது. எண்டோமைசியல் பரிசோதனையோ, குரங்கின் உணவுக்குழாய்த் திசுவை வைத்த கண்ணாடிச் சில்லின் மேல் சீரத்தை ஊற்றி, ஒளிரும் நுண்ணோக்கியில் தசை நார்களைச் சுற்றிப் பச்சையாய்த் தோன்றும் வலைப்பின்னலைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பரிசோதனை. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது விடை. நோய் அரிதாக உள்ள ஊரில் நேர்மறைச் சில்லை, அதாவது எதிர்ப்பொருள் உண்டு என்று காட்டும் சில்லை, பார்த்துப் பழகும் வாய்ப்பும் அரிது. ஆகவே இந்த ஒரு பரிசோதனையைப் பல இடங்களில் சிதறவிடாமல் ஓரிரு கூடங்களில் குவித்துச் செய்வது நல்லது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் இதைத் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பின், ஐரோப்பிய விதியை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாமா என்ற கேள்வி எழும். என் கருத்து, அவசரப்பட வேண்டாம் என்பதே. ஒரு பரிசோதனையின் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது பரிசோதனையை மட்டும் பொறுத்ததன்று. நோய் அந்த ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. கணக்குக்காக, டிடிஜி-ஐஜிஏ நோயுள்ள 100 பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோயற்ற 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் ஒருவருக்கு நோய் உள்ள ஊரில் 10,000 குழந்தைகளைக் கூட்டிவந்து பரிசோதித்தால், நோயுள்ள 10 பேரில் ஒன்பது பத்துப் பேர் அகப்படுவார்கள். கூடவே நோயே இல்லாத 500 பேரும் அகப்படுவார்கள். நேர்மறை என்று அழைக்கப்பட்ட 50 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே பரிசோதனையை, அறிகுறிகளை வைத்துத் தேர்ந்தெடுத்த, 20 பேரில் ஒருவருக்கு நோய் இருக்கக்கூடிய குழுவுக்குச் செய்தால் நேர்மறையில் பாதிப்பேருக்கு நோய் இருக்கும். கருவியும் எண்ணும் மாறவில்லை. அந்த எண் எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆகவே யாருக்கு எழுதுவது என்பதை மருத்துவர் முடிவுசெய்யும் அந்த நிமிடம்தான் இங்கே பரிசோதனையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இதே காரணத்தால், பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்ற குரலை நான் ஆதரிக்கவில்லை. இத்தாலி 2023 இல் முதல் வகை நீரிழிவுக்கும் சீலியாக்குக்கும் சேர்த்துக் குழந்தைகளைத் தேசிய அளவில் பரிசோதிக்கச் சட்டம் இயற்றியது. அது நாள்தோறும் பாஸ்தா உண்ணும் நாடு. நோயின் பரவலும் அதற்கேற்றது. இங்கே அதைப் பின்பற்றினால் மேலே சொன்ன 500 பேரைத்தான் உருவாக்குவோம். அதைவிட, பள்ளிகளில் தாதியர் ஏற்கெனவே எடுக்கும் உயரத்தையும் எடையையும் பயன்படுத்திக்கொள்வது நல்லது. வளர்ச்சிக் கோடு கீழே சரியும் பிள்ளைக்கு எழுதப்படும் பரிந்துரைக் கடிதத்தில், சீலியாக் பரிசோதனையைக் கருதவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

10 மடங்குக்கு மேலான எண்கள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அத்தகைய உயர்ந்த அளவு நோயில்லாத பிள்ளைக்கு வருவது மிக அரிது. குழந்தைக்கு மயக்கமருந்து இல்லாமல் முடிந்தால் பெற்றோருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதும் தெரியும். ஆகவே அவ்வழியைச் சிறப்பு மருத்துவமனைகளில், சிறார் குடலியல் நிபுணரின் கையில், பெற்றோருடன் கலந்து பேசித் திறந்து வைக்கலாம். குடும்ப மருத்துவர் நிலையில் அதைத் திறக்க வேண்டாம். 10 மடங்குக்குக் கீழே உள்ளவர்களுக்கு எண்டோஸ்கோப்பி தவிர்க்க முடியாதது. சேதம் குடலில் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் முன்சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டுகளும் அதன் தொடக்கக் குமிழிலிருந்து ஒரு துண்டாவதும் எடுக்க வேண்டும். மேல்வரம்பைச் சற்றே தாண்டிய எண்ணுடன், குறிப்பாக முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளிடம் வரும் எண்ணுடன், அவசரப்பட வேண்டியதில்லை. கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே அது தானாக இறங்கிவிடுவதும் உண்டு. இரண்டு மருத்துவமனைகளும் எண், மடங்கு, திசு முடிவு ஆகியவற்றைப் பெயர் நீக்கி ஒரே இடத்தில் சேர்த்துவந்தால், சில ஆண்டுகளில் 10 மடங்கு என்ற கோடு நம் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதா என்பதற்கு நமக்கே சொந்தமான விடை கிடைக்கும்.

பொய்யான நேர்மறை என்றால் நாலு நாள் கவலை, அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சீலியாக் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தொடக் கூடாது. உணவங்காடி நிலையத்தில் சோயா சாஸ் சேராத தட்டு எத்தனை? குவே தியாவ் அரிசியில் செய்ததுதான், ஆனால் வறுக்கும்போது ஊற்றுவது கோதுமை சேர்ந்த சாஸ். தோசை அரிசியும் உளுந்தும்தான், ஆனால் அதே கல்லில்தான் சற்று முன்பு பரோட்டா புரண்டது. சாம்பாரில் போடும் டப்பாப் பெருங்காயத் தூளில்கூடப் பல தயாரிப்புகளில் மைதா கலந்திருக்கும். ஹார்லிக்ஸ் கிடையாது, மைலோ கிடையாது, நண்பன் பிறந்தநாள் கேக் கிடையாது. உண்மையில் நோயுள்ள பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடுதான் மருந்து, அதை மனம் ஒப்பித் தாங்கிக்கொள்ளலாம். நோயில்லாத பிள்ளைக்கு அதைச் சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

சந்தையில் விற்கும் வேறு சில பரிசோதனைகளையும் குறிப்பில் பெயர் சொல்லி விலக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமிட்டுத் தரும் ‘உணவுச் சகிப்பின்மை’ப் பட்டியல்கள் அவற்றில் முதன்மையானவை. ஓர் உணவுக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள் இருப்பது அந்த உணவை உண்டிருக்கிறோம் என்பதைக் காட்டுமே தவிர நோயைக் காட்டாது. அப்பட்டியலில் கோதுமை சிவப்பாக வந்ததைக் கண்டு பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்தி, அதனாலேயே உண்மையான பரிசோதனையைக் கெடுத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். முடியைப் பரிசோதித்துச் சொல்வோரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆராய்ச்சியில் வளர்ந்துவரும் புதிய இரத்தக் குறிகாட்டிகள் வேறு வகை. குடல் உயிரணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம், குளூட்டனை உண்ட சில மணி நேரத்தில் சீலியாக் உள்ளவர் இரத்தத்தில் உயரும் இன்டர்லூக்கின்-2 என்னும் நோயெதிர்ப்புப் புரதம், குளூட்டனை அடையாளம் காணும் டி-உயிரணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களைத் தேடி எண்ணும் முறை ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கடைசி இரண்டும் நல்ல நம்பிக்கை அளிக்கின்றன, ஏனெனில் ஏற்கெனவே கோதுமையை விட்டுவிட்டவர்களுக்கு, என் அக்கா மகளின் பெண்ணைப் போன்றவர்களுக்கு, நெடுநாள் கோதுமை கொடுக்காமலே ஒரு விடை கிடைக்க அவை வழிவகுக்கலாம். ஆனால் இவை இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. வரும் வரை டிடிஜி-ஐஜிஏவையும் மொத்த ஐஜிஏவையும் ஒழுங்காகச் செய்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு விடை கிடைத்துவிடும்.

குறிப்பை எழுதும்போது குடும்ப மருத்துவர், சிறார் குடலியல் நிபுணர், உணவியலாளர் ஆகியோருடன் ஆய்வுக்கூடத்தில் இப்போது பணியில் இருக்கும் ஒருவரையும் மேசையில் அமரவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே நான் சொன்னவற்றில் மடங்குக் கணக்கு, நீர்த்து அளப்பது, இரண்டு பரிசோதனைகளையும் இணைத்தே செய்வது, சீட்டில் ஒரு கட்டம் ஆகியவற்றை ஆய்வுக்கூடங்களின் கணினி அமைப்பிலேயே செய்துவிடலாம். அவற்றுக்குப் புதிய கருவியோ புதிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. துண்டுத்தாளின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஒருவர்,
சிங்கப்பூர்